ஃப்ளாரன்ஸ்ல ஒரு 14-ஆம் நூற்றாண்டு வியாபாரி வீடு: நாம பாக்கறது வீடா, செட்டா?

ஊர்சுற்றி:
போன மாசம் குடும்பத்தோட இத்தாலி போயிட்டு வந்தோம். எல்லாரும் எடுக்கற டேவிட் சிலை போட்டோ, தூமோங்கற பெரிய கோயில் போட்டோ எல்லாம் நானும் எடுத்தேன், அத இங்க போட்டு உங்க உயிர வாங்கல. ஒரே ஒரு எடத்த பத்தி மட்டும் எழுதணும். பலாட்சோ தாவன்சாத்தி. (வீட்டம்மாவுக்கு கடைசி வரைக்கும் "தாவணி சாத்தி"ன்னுதான் வாயில வந்துச்சு, டிக்கெட் கவுன்ட்டர்லயும் அப்படியே கேட்டா, அவங்களுக்கும் புரிஞ்சுது.)

ஃப்ளாரன்ஸ் நடுவுல போர்ட்டா ரோஸ்ஸான்னு ஒரு ஒடுக்கமான தெரு, அங்க லெதர் பை விக்கற மார்க்கெட்டுக்கு பக்கத்துலயே நெட்டுக்குத்தா நிக்கற கல் வீடு. தாவிட்சின்னு ஒரு குடும்பம், துணி வியாபாரம், வட்டி வியாபாரம் ரெண்டும் பண்ணவங்க, 14-ஆம் நூற்றாண்டு நடுவுல அங்க இருந்த பழைய கோபுர வீடுகள ஒண்ணா சேத்து கட்டினது. கீழ மூணு பெரிய வளைவு, மேல மூணு மாடி, மாடிக்கு அஞ்சு ஜன்னல், உச்சில திறந்த மண்டபம் மாதிரி ஒண்ணு. அந்த உச்சி மண்டபம் பின்னாடி வந்ததாம், முதல்ல அங்க கோட்டை மதில் மாதிரி பல்லு பல்லா இருந்துச்சாம். முழு முகப்பையும் போன்ல அடக்கலாம்னு எதிர் செவுத்துல முதுக ஒட்டி நின்னு பாத்தேன், அடங்கல.

உள்ள போனா ஒரு சின்ன முற்றம், அண்ணாந்து பாத்தா கிணத்துக்குள்ள நின்னு வானத்த பாக்கற மாதிரி இருக்கு. படிக்கட்டு சுத்தி சுத்தி மேல போகுது, ஆரம்பத்துல கல்லு, மேல போகப்போக மரம். முதல் மாடில தெருவ பாத்த மாதிரி ஒரு பெரிய கூடம், அதுக்கு மதோர்னாலேன்னு பேரு, அவங்க பாஷைல அதுக்கு பிரம்மாண்டம்னு அர்த்தமாம், சரியாத்தான் வெச்சிருக்காங்க. பக்கத்துல கிளி அறை, சாப்பாட்டு அறைங்கறாங்க, செவுரு பூரா கிளி போட்ட கட்டம் கட்டமான டிசைன். கிட்டத்துல போய் பாத்தாத்தான் தெரியுது அது துணி இல்ல, பெயின்டிங். மேல கொக்கில மாட்டி தொங்கவிட்ட துணி மாதிரியே மடிப்போட வரைஞ்சு வெச்சிருக்கான். துணி வித்த காசுல கட்டின வீட்டுல துணி மாதிரி செவுரு. அதுக்கப்புறம் மயில் அறைன்னு ஒரு படுக்கை அறை.

எனக்கு ரொம்ப புடிச்சது ரெண்டு விஷயம். ஒண்ணு கிணறு. வீட்டுக்குள்ளயே கிணறு, அதோட குழாய் மாதிரி ஒரு சந்து கீழேருந்து மேல் மாடி வரைக்கும் போகுது, ஒவ்வொரு மாடிலயும் செவுத்துல ஒரு சின்ன கதவு, தொறந்து ராட்டினத்துல வாளிய விட்டு அங்கயே தண்ணி எடுத்துக்கலாம். ஊரே பொதுக் கிணத்துக்கு கொடம் தூக்கிட்டு போன காலத்துல! ரெண்டாவது கக்கூஸ். மாடிக்கு மாடி இருக்கு, அதுவும் படுக்கை அறையோட ஒட்டினாப்ல. என் பையன் 600 வருஷத்துக்கு முன்னாடியே அட்டாச்டு பாத்ரூமான்னு கேட்டு சிரிச்சான்.

போறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: மேல் மாடிங்களுக்கு நம்ம இஷ்டத்துக்கு ஏற முடியாது, குறிப்பிட்ட நேரத்துக்கு அவங்க ஆள் கூட்டிட்டு போவாங்க. நான் அத சரியா பாக்காம போய் கோட்டை விட்டுட்டு அடுத்த நாள் திரும்ப போனேன். வீட்டுல கிடைச்ச அர்ச்சனை தனி.

அரைடிக்கெட்:
சூப்பர் தல. இது மெடிச்சி குடும்பத்து வீடுதானே? ஒரு சீரியல்ல பாத்த ஞாபகம்.

ஊர்சுற்றி:
இல்ல தம்பி, மெடிச்சின்னா பின்னாடி இந்த ஊர ஆண்ட குடும்பம், அவங்க வீடு வேற தெருவுல இருக்கு, அது 15-ஆம் நூற்றாண்டு, இதுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் இளையது, பாக்கவும் வேற மாதிரி. இது முதல்ல தாவிட்சி, 1516-ல பார்த்தொலினின்னு இன்னொரு குடும்பத்துக்கு போச்சு, 1578-ல தாவன்சாத்தி வாங்கினாங்க, 1838 வரைக்கும் அவங்க கைலதான். அதான் பேரு அவங்க பேரு. முகப்புல இருக்கற பெரிய குலச்சின்னமும் அவங்களோடதுதான்.

பழையபேப்பர்:
ஊர்சுற்றி சார், நல்லா எழுதியிருக்கீங்க, சந்தோஷத்த கெடுக்கறேன்னு நெனைக்காதீங்க. நீங்க பாத்ததுல 14-ஆம் நூற்றாண்டு எவ்வளவு, 1910 எவ்வளவுன்னு யோசிச்சீங்களா?

அந்த வீட்டோட கதை 1838-ல முடிஞ்சு போச்சு. தாவன்சாத்தி வம்சம் அத்தோட சரி. அப்புறம் வீட்ட சின்ன சின்ன போர்ஷனா தடுத்து வாடகைக்கு விட்டுட்டாங்க. 1904-ல எலியா வோல்ப்பின்னு ஒரு ஆள் வாங்கறார். அவர் யாரு? பழம்பொருள் வியாபாரி. தடுப்பெல்லாம் இடிச்சு, செவுத்த சுரண்டி ஓவியத்த வெளிய எடுத்து, அழிஞ்ச இடத்துல புதுசா வரைய வெச்சு, தன் ஸ்டாக்ல இருந்த மேசை, பெட்டி, கட்டில் எல்லாம் போட்டு 1910-ல "பழைய ஃப்ளாரன்ஸ் வீடு"ன்னு தொறந்தார். பாத்தவன்லாம் வாய பொளந்தான், முக்கியமா அமெரிக்கப் பணக்காரன். 1916-ல என்ன பண்ணார் தெரியுமா? உள்ள இருந்த சாமான எல்லாம் நியூயார்க் கொண்டு போய் ஏலம் விட்டுட்டார். அதாவது அது மியூசியமே இல்ல, ஷோரூம். அமெரிக்கால அப்ப கட்டின எத்தனையோ மாளிகைல "ஃப்ளாரன்ஸ் ஸ்டைல்" அறை வந்ததுக்கு இந்த ஷோரூம் ஒரு பெரிய காரணம்.

அரசாங்கம் வாங்கினது 1951. திரும்ப வேற சாமான் சேத்து மியூசியமா தொறந்தது 1956. அதனால நீங்க பாத்த கட்டில்ல எந்த தாவிட்சியும் படுக்கல சார்.

அரைடிக்கெட்:
போச்சுடா. தல இவ்ளோ நேரம் பாத்தது செட்டா 😂

ஊர்சுற்றி:
பழையபேப்பர், வோல்ப்பி கதை அங்கயே போர்டுல எழுதி வெச்சிருக்காங்க, யாரும் ஒளிக்கல. ஆனா நீங்க சொல்ற தொனி எனக்கு ஒப்புக்கல. கட்டில் வந்து போகும். கிணறு? அத யாரு நியூயார்க்குக்கு தூக்கிட்டு போறது? அடித்தளத்துலேருந்து மேல் மாடி வரைக்கும் செவுத்துக்குள்ள போற சந்த 1904-ல ஒருத்தர் செட்டு போட முடியுமா? கக்கூஸ், படிக்கட்டு, கீழ மூணு வளைவு, இதெல்லாம் வீடு. மேசை நாற்காலி இல்லேன்னாலும் அது வீடுதான். வீட்டு சாமான வித்துட்டா வீடு பொய்யாயிடுமா?

பழையபேப்பர்:
//வீட்டு சாமான வித்துட்டா வீடு பொய்யாயிடுமா//

பொய்யாகாது. ஆனா நீங்க புகழ்ந்தது கிளி அறை, மயில் அறைய. அந்த ஓவியத்துல எங்க பழைய கை முடியுது எங்க வோல்ப்பி ஆளோட கை ஆரம்பிக்குதுன்னு பாக்கறவனுக்கு தெரியாது. கிளிய யார் வரைஞ்சதுன்னு தெரியாம கிளிய ரசிக்கறதுல எனக்கு ஒரு சங்கடம், அவ்வளவுதான். கிணறு விஷயத்துல உங்க கட்சி.

சமையல்கட்டு:
ரெண்டு பேரும் அறை அறையா சண்டை போடறீங்க, அடுப்படிய பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதல பாத்தீங்களா. நான் நாலு வருஷத்துக்கு முன்னாடி போயிருக்கேன், எனக்கு ஞாபகம் இருக்கறதே அதுதான். சமையலறை எங்க இருக்கு? உச்சில, மூணாவது மாடில! புகை கீழ வரக்கூடாது, வாசனை கீழ வரக்கூடாது, தீப்புடிச்சா மேலோட போகட்டும், மொத்த வீடும் போகக்கூடாது, அதான் காரணம். எல்லாம் சரிதான். ஆனா சாப்படறது ரெண்டு மாடி கீழ கிளி அறைல. வெறகு தெருவுலேருந்து மேல போகணும், மாவு மூட்டை மேல போகணும், சமைச்சது சூடு ஆறாம கீழ வரணும், பாத்திரம் திரும்ப மேல போகணும். தினம், ரெண்டு வேளை. அந்த மரப்படி ஏறும்போது எனக்கு மூட்டு வலிச்சது, நான் வெறும் ஹேண்ட்பேக்தான் வெச்சிருந்தேன்.

அந்த கிணத்து சந்து எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அது பணக்காரன் சொகுசுன்னு எழுதியிருக்கீங்க ஊர்சுற்றி அண்ணா, சரி. ஆனா கயித்த இழுத்தது யாரு?

அந்த சமையலறைலயே ராட்டை, தறி, மாவு பிசையற தொட்டி எல்லாம் வெச்சிருக்காங்க. குளிர் காலத்துல அந்த வீட்டுலயே கதகதப்பான எடம் அதுதான், வெளிச்சமும் ஜாஸ்தி, அதனால பொம்பளைங்க பாதி நாள் அங்கதான் இருந்திருப்பாங்க. கீழ ஜன்னல்ல அப்ப கண்ணாடியே கிடையாது, எண்ணெய்ல தோய்ச்ச துணிய சட்டத்துல அடிச்சு மாட்டுவாங்களாம். காத்து நிக்கும், வெளிச்சமும் பாதி நின்னுடும்.

கணக்குப்பிள்ளை:
//கயித்த இழுத்தது யாரு//

அக்கா, இதுக்கு பதில் இருக்கு, கேட்டா சங்கடமா இருக்கும். வேலைக்காரங்க, கூடவே அடிமைகள். ஆமா, ஃப்ளாரன்ஸ்லயேதான். 1348-ல ப்ளேக் வந்து ஊர்ல பாதிக்கு மேல செத்த பிறகு வேலைக்கு ஆள் கிடைக்கல. அப்புறம் கருங்கடல் பக்கத்துலேருந்து தாத்தார் பொண்ணுங்கள கப்பல்ல கொண்டு வந்து வித்தாங்க, வசதியான வியாபாரி வீடுகள்ல ஒண்ணு ரெண்டு பேர் இருக்கறது சகஜம் ஆயிடுச்சு. கிறிஸ்தவர் இல்லாதவங்களா இருந்தா வாங்கலாம்னு ஊர் சட்டமே எடம் கொடுத்துச்சு.

இது வெறும் யூகம் இல்ல, எழுத்துல இருக்கு. ஃப்ளாரன்ஸ்லேருந்து ரயில்ல அரை மணி நேரம்கூட ஆகாது, பிராத்தோன்னு ஒரு ஊர். அங்க பிரான்செஸ்கோ தாத்தினின்னு ஒரு வியாபாரியோட வீடும் மியூசியமா இருக்கு. நான் சொல்வேன் தாவன்சாத்தி போறவங்க கட்டாயம் அதையும் பாக்கணும், ஏன்னா ஒரு வீட்டுல சுவர் மிஞ்சியிருக்கு, இன்னொண்ணுல பேப்பர் மிஞ்சியிருக்கு.

தாத்தினியோட அப்பா அம்மா அதே 1348 ப்ளேக்ல போயிட்டாங்க. பையன் பிரான்ஸ்ல அவிஞ்ஞோனுக்கு போனான், அப்ப போப் அங்க இருந்தார், அதனால காசும் அங்க இருந்துச்சு. முப்பது வருஷத்துக்கு மேல அங்க ஆயுதம், கவசம், துணி, உப்புன்னு எது விலை போச்சோ அத வித்து, 1383-ல ஊருக்கு திரும்பி வீடு கட்டினார். பீசா, ஜெனோவா, பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கான்னு கிளை. 1410-ல செத்தார், சட்டப்படி வாரிசு இல்ல, சொத்த பூரா ஊர் ஏழைகளுக்கு ஒரு அறக்கட்டளையா எழுதி வெச்சிட்டார். ஒரே மக ஜினெவ்ரா, அவளோட அம்மா அந்த வீட்டு அடிமைப் பெண். தாத்தினியோட மனைவி மார்கெரீத்தாதான் அந்த பொண்ண வளத்தாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த ஆள் ஒரு துண்டு பேப்பர கூட கிழிச்சு போடாதவர். 1870-ல அந்த வீட்டு படிக்கட்டு சந்துல மூட்டை மூட்டையா கிடைச்சுது. கடிதம் மட்டும் சுமார் 1,50,000. ஐநூறுக்கு மேல பேரேடு. இன்சூரன்ஸ் பத்திரம் நூத்துக்கணக்குல. பேரேட்டு முதல் பக்கத்துல "கடவுள் பேரால, லாபத்தின் பேரால"ன்னு எழுதி வெச்சிருக்கார். நம்மாளு பிள்ளையார் சுழி போட்டு லாபம்னு எழுதற மாதிரி.

அரைடிக்கெட்:
ஒன்றரை லட்சமா?? நான் ஜிஎஸ்டி பில்லே மூணு மாசத்துல தொலைச்சுடறேன்.

நூல்கடை:
ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருக்கேன், துணின்னு வந்ததும் கை அரிக்குது. நான் நூல் யாவாரம், மூணு தலைமுறையா. கீழ அந்த மூணு வளைவுல என்ன வித்தாங்க? கம்பளியா பட்டா? சரக்கு எங்கேருந்து வந்துச்சு?

கணக்குப்பிள்ளை:
கம்பளி அண்ணா. தாவிட்சி காலத்துல ஃப்ளாரன்ஸ்னா கம்பளிதான், பட்டு பெரிசா வந்தது அடுத்த நூற்றாண்டு. கீழ அந்த வளைவுகள் முதல்ல திறந்த திண்ணை மாதிரி, வியாபாரப் பேச்சு, குடும்ப விசேஷம் எல்லாம் அங்கதான், பின்னாடி அடைச்சு கம்பளிக் கடை ஆச்சு. நல்ல ரோமம் இங்கிலாந்துலேருந்து வரும், ஸ்பெயின் பக்கத்துலேருந்தும் வரும். கப்பல், கோவேறு கழுதைன்னு மாறி மாறி வந்து சேர்ந்து, கழுவி, எண்ணெய் போட்டு, சிக்கெடுத்து, சீவி, நூத்து, தறில நெய்து, மிதிச்சு இறுக்கி, காய வெச்சு, சாயம் போட்டு, மயிர் ஒட்டக் கத்தரிச்சு... ஒவ்வொண்ணுக்கும் தனி ஆள். நூக்கறது மட்டும் சுத்துப்பட்டு கிராமத்து பொம்பளைங்க வீட்டுல, மூட்டைய கொடுத்துட்டு நூல வாங்கிட்டு வர்றதுக்கு தரகன். முதலாளிக்கு ஃபேக்டரின்னு ஒண்ணு கிடையாது, ஒரு கணக்கு நோட்டும் ஒரு கிடங்கும் போதும்.

நூல்கடை:
அட, இது எங்க ஊர் ஜாப் ஒர்க் கதையாவே இருக்கே. சாயத்துக்கு என்ன பண்ணாங்க? படிகாரம் இல்லாம சாயம் நிக்காதே.

கணக்குப்பிள்ளை:
படிகாரமேதான். துருக்கி கடலோரத்துலேருந்து ஜெனோவா வியாபாரிங்க கொண்டு வருவாங்க. 1460-கள்ல ரோம் பக்கத்துல தோல்ஃபாங்கற எடத்துல படிகாரம் கிடைச்சப்ப போப்புக்கு லாட்டரி அடிச்ச மாதிரி ஆச்சு. நல்ல செவப்புக்கு ஓக் மரத்துல ஒட்டற ஒரு பூச்சிய காய வெச்சு பொடி பண்ணுவாங்க, துணியோட விலைல பெரும்பங்கு அதுக்கே போயிடும்.

நூல்கடை:
கூலி?

கணக்குப்பிள்ளை:
கேட்டுட்டீங்களா. சிக்கெடுக்கறவன், சீவறவனுக்கு சங்கம் வைக்க உரிமை கிடையாது. முதலாளிகளுக்கு சங்கம் உண்டு, தொழிலாளிக்கு இல்ல. 1378 ஜூலைல வெடிச்சுது. சியோம்ப்பி கலகம்னு பேரு. ஊராட்சி மன்றத்த பிடிச்சு, மிக்கேலே தி லாந்தோன்னு கம்பளி சீவற ஆள தலைமைல உக்கார வெச்சாங்க. மூணு புது சங்கம் கிடைச்சுது. ஆகஸ்ட் கடைசிலயே அந்த அடிமட்ட தொழிலாளிங்க சங்கத்த நசுக்கிட்டாங்க, அதுல அந்த மிக்கேலேவே எதிர்ப்பக்கம் நின்னான்ங்கறது தனி சோகம். அந்த வருஷம் தாவிட்சி குடும்பம் இந்த வீட்டுலதான் இருந்துச்சு, கதவ எப்படி தாழ் போட்டிருப்பாங்கன்னு யோசிச்சு பாருங்க.

ஊர்சுற்றி:
நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க! அந்த பெரிய கூடத்துல, ஜன்னல் ஓரமா தரைல மர மூடி போட்ட ஓட்டைங்க இருக்கு. தொறந்தா நேரா கீழ வளைவு மண்டபம். எதிரி உள்ள வந்தா மேலேருந்து கல்லு கில்லு போடறதுக்குன்னு சொன்னாங்க. என் பையன் அதுக்கப்புறம் வேற எதையும் பாக்கல, அதையே சுத்தி சுத்தி வந்தான்.

நூல்கடை:
சார் தப்பா எடுத்துக்காதீங்க, எந்த யாவாரியும் கடைல கல்லு போடறதுக்கு ஓட்டை வைக்க மாட்டான். கீழ கடைல யாரு என்ன பேசறான், எத்தனை மூட்டை போகுதுன்னு மேல உக்காந்துட்டு பாக்கறதுக்கு வெச்சிருப்பான். எங்க தாத்தா கடைல மாடித் தரைல ஒரு பலகைய எடுத்துட்டு கல்லாவ பாப்பார். எல்லாரும் காத்துக்குன்னுதான் நெனச்சோம்.

பழையபேப்பர்:
😂 நூல்கடை அண்ணனுக்கு ஒரு லைக். ஆனா கல்லு போடறது அவ்வளவு அபத்தமும் இல்ல. ஃப்ளாரன்ஸ்ல குடும்பத்துக்கு குடும்பம் வெட்டுக்குத்து, அதனாலதான கோபுர வீடு கட்டினான். ரெண்டுக்கும் ஆகற மாதிரி இருந்திருக்கும்னு விட்டுடலாம்.

சமையல்கட்டு:
படுக்கை அறைங்கள்ல ஒண்ணு, மேல ரெண்டாவது மாடில, வெர்ஜி சீமாட்டி அறைன்னு இருக்கே, அத பத்தி யாரும் பேசலையே. தாவிட்சி குடும்பத்துக்கும் ஆல்பெர்த்தி குடும்பத்துக்கும் நடந்த கல்யாணத்துக்காக வரைஞ்சது, ரெண்டு குடும்பத்து சின்னமும் செவுத்துல இருக்கு. செவுத்து மேல் பக்கம் சுத்தி ஒரு பிரெஞ்சு காதல் கதை, படக்கதை மாதிரி கட்டம் கட்டமா. கதை என்னன்னு அங்க கைடு சொன்னப்ப நான் வாய்விட்டு சிரிச்சுட்டேன்.

ஒரு வீரனும் ஒரு சீமாட்டியும் ரகசியமா காதல். அவ தன் நாய்க்குட்டிய தோட்டத்துல விட்டா வரலாம்னு சிக்னல். அந்த ஊர் பிரபுவோட பொண்டாட்டி அதே வீரன் மேல ஆசைப்படறா, அவன் மாட்டேங்கறான், உடனே புருஷன்கிட்ட போய் இவன் என்கிட்ட தப்பா நடந்தான்னு மாத்தி சொல்றா. வீரன் தன்ன காப்பாத்திக்க பிரபுகிட்ட மட்டும் ரகசியத்த சொல்றான். பிரபு பொண்டாட்டிகிட்ட உளறிடறான். அவ விருந்துல எல்லாருக்கும் நடுவுல "நாய்க்குட்டிய நல்லாத்தான் பழக்கியிருக்க"ன்னு ஒரு குத்து விடறா. சீமாட்டி நெஞ்சு வெடிச்சு சாகறா, வீரன் தன்ன குத்திக்கறான், பிரபு பொண்டாட்டிய வெட்டறான்.

புதுசா கல்யாணம் ஆனவங்க தூங்கற ரூம்ல இது! காலைல கண்ண தொறந்தா மூணு பொணம். புருஷன்காரா, வாய மூடிட்டு இருன்னு பொண்ணு வீட்டுக்காரங்க சொல்லி வரைய வெச்சிருப்பாங்களோ என்னவோ.

அப்புறம் ஒரு தட்டு இருக்கு, மசாச்சோன்னு பெரிய ஓவியரோட தம்பி ஸ்கெஜ்ஜா வரைஞ்சது, 1450 வாக்குல. பிரசவம் ஆன பொண்ணுக்கு சாப்பாடு வெச்சு கொண்டு போற தட்டு, பின்னாடி செவுத்துல மாட்டிக்கலாம். அதுல தெருவுல மூணு பசங்க ஒருத்தன் தொப்பிய ஒருத்தன் தட்டிவிடற விளையாட்டு. ஆம்பளப் புள்ள பொறக்கணும்னு ஆசைதான், வேற என்ன. அந்தக் காலத்துல பிரசவம்னா பாதி சாவு, அதுக்கு நடுவுல ஒரு பத்தியச் சாப்பாட்டுத் தட்டுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க.

பழையபேப்பர்:
அந்த தட்டு தாவிட்சி வீட்டு தட்டு இல்லைன்னு நான் சொன்னா அக்கா அடிக்க வருவாங்க, அதனால சொல்லல.

சமையல்கட்டு:
சொல்லிட்டீங்க 🙂 இல்லதான். ஆனா அது ஏதோ ஒரு வீட்டு தட்டு, யாரோ ஒருத்தி அதுல சாப்பிட்டிருக்கா. அருங்காட்சியகத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்திருந்தா நான் கடந்து போயிருப்பேன். படுக்கை அறைல பாத்ததால நின்னேன். வோல்ப்பி வியாபாரியோ திருடனோ, அந்த ஒரு விஷயத்துல அவர் யோசனை சரி.

பழையபேப்பர்:
திருடன்னு நான் சொல்லவே இல்ல அக்கா. சொல்லப்போனா அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அத நானே எடுத்து வைக்கறேன். இந்த வீட்டுக்கு ரெண்டு நிமிஷ நடையில பழைய மார்க்கெட் பகுதி இருந்துச்சு, இதே மாதிரி கோபுர வீடு, சின்ன கோயில், சந்து பொந்துன்னு. 1880, 90-கள்ல சுத்தம் பண்றோம்னு அத்தனையையும் இடிச்சு தரைமட்டம் ஆக்கிட்டாங்க, இப்ப பெரிய சதுக்கமும் காபிக்கடையும் குடை ராட்டினமும் இருக்கே, அந்த எடம்தான். அந்த இடிபாடு முடிஞ்சு பத்து வருஷத்துலதான் வோல்ப்பி இந்த வீட்ட வாங்கினார். அவர் வாங்கலேன்னா இது இப்ப ஏதாவது பேங்க் கட்டடமா இருந்திருக்கலாம்.

எனக்கு எரிச்சல் என்னன்னா, செஞ்ச நல்லதும் சரக்கு விக்கறதுக்கே ஆச்சேங்கறதுதான்.

கணக்குப்பிள்ளை:
வியாபாரி கட்டின வீட்ட வியாபாரி காப்பாத்தி வியாபாரி வித்திருக்கான், தாத்தினி இருந்தா பாராட்டியிருப்பார்.

இன்னொண்ணு, நீங்க ரெண்டு பேரும் உண்மையா பொய்யான்னு அடிச்சுக்கறீங்க, செவுத்து கிறுக்கல யாரும் சொல்லலையே? ஊர்சுற்றி அண்ணா பாக்கலையா?

ஊர்சுற்றி:
கிறுக்கலா? இல்லையே, எங்க?

கணக்குப்பிள்ளை:
ஐயோ. அதுதான அந்த வீட்டோட உயிரே. செவுத்துல 15-ஆம் நூற்றாண்டு ஆளுங்க கீறி வெச்சது, கரில எழுதினது எல்லாம் அப்படியே இருக்கு. கூட்டல் கணக்கு, படம், என்னென்னவோ. அதுல ஒண்ணு: 1478 ஏப்ரல் 26, ஜூலியானோ தே மெடிச்சி பெரிய கோயில்ல கொல்லப்பட்டான்னு. அது பாட்சி சதி, பாட்சிங்கற எதிரிக் குடும்பம் போட்டது. ஞாயித்துக்கிழமை பூசை நடக்கும்போது அண்ணன் லொரென்சோவையும் தம்பி ஜூலியானோவையும் சேத்து முடிக்க பிளான், தம்பி போயிட்டான், அண்ணன் கழுத்துல காயத்தோட தப்பிச்சான். கோயில்லேருந்து இந்த வீட்டுக்கு பத்து நிமிஷ நடை. ஊரே கொந்தளிச்சிட்டு இருக்கு, இங்க ஒருத்தர் செவுத்துகிட்ட போய் தேதி போட்டு ஒரு வரி எழுதறார். அழுகையும் இல்ல, திட்டும் இல்ல. பேரேட்டுல வரவு எழுதற மாதிரி.

பழையபேப்பர்:
இத வோல்ப்பி எழுதலேன்னு ஒத்துக்கறேன்.

அரைடிக்கெட்:
நம்மாளு கோயில் தூண்ல பேர் எழுதறத இனிமே திட்ட மாட்டேன்.

சமையல்கட்டு:
டேய் தம்பி, சொந்த வீட்டு செவுத்துல எழுதறது வேற, கோயில் தூண் வேற. போய் வேலைய பாரு.

நூல்கடை:
தாவன்சாத்தி குடும்பத்துல யாராச்சும் பேர் வாங்கினவங்க உண்டா? வாங்கின வீட்டுக்கு 260 வருஷம் பேரு நிக்குதுன்னா சும்மா இல்லையே.

கணக்குப்பிள்ளை:
பெர்னார்தோ தாவன்சாத்தி, 1529-ல பொறந்து 1606-ல செத்தவர். சின்ன வயசுல பிரான்ஸ்ல லியோன்ல வியாபாரம். திரும்பி வந்து காசுன்னா என்ன, ஒரு பொருளுக்கு விலை எப்படி வருதுன்னு 1588-ல ஒரு உரை பண்ணார், பொருளாதாரம் படிக்கறவங்க இன்னைக்கும் அத எடுத்து பேசறாங்க. அப்புறம் டாசிட்டஸ்னு ரோமானிய வரலாற்று ஆசிரியர மொழிபெயர்த்தார். லத்தீனே சுருக்கம், டாசிட்டஸ் அதுலயும் சுருக்கம், இவர் அதவிட கம்மி வார்த்தைல இத்தாலியன்ல முடிச்சு காட்டறேன்னு பந்தயம் மாதிரி செஞ்சவர். கூடவே திராட்சை பயிர் பத்தி ஒரு கையேடு வேற.

நூல்கடை:
வார்த்தைய கூட சில்லறையா செலவு பண்ணாத ஆளு. யாவாரிதான்.

சமையல்கட்டு:
தாத்தினி கதைல அந்த மார்கெரீத்தா பத்தி இன்னும் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
அவங்க பிராத்தோல, இவர் பாதி நேரம் ஃப்ளாரன்ஸ்ல, பீசாவுல. தினம் கடிதம். இவர் அங்கேருந்து கோவேறு கழுதையோட காலை வெந்நீர்ல கழுவு, ஒயின் பீப்பாய பாத்துக்கோ, அத பண்ணு இத பண்ணுன்னு லிஸ்ட் போடுவார். முதல்ல அந்தம்மா சொல்லச் சொல்ல வேற ஆள் எழுதினாங்க. முப்பது வயசுக்கு மேல உக்காந்து எழுதக் கத்துகிட்டு சொந்தக் கையெழுத்துல பதில் போட ஆரம்பிச்சாங்க. பதில்ல அடங்கி எல்லாம் போகல, நீ எப்ப பாத்தாலும் வியாபாரம்னு ஓடற, உடம்ப பாத்துக்க மாட்டேங்கறன்னு நல்லா குடுத்திருக்காங்க. அந்த கடிதங்கள் இருக்கற ஆவணக் காப்பகம் அதே வீட்டுலதான் இருக்கு.

சமையல்கட்டு:
அடுத்த தடவை பிராத்தோ. முடிவு பண்ணிட்டேன்.

அரைடிக்கெட் (நாலு மாசம் கழிச்சு):
மக்களே இழைய தோண்டி எடுக்கறேன், மன்னிச்சுக்கோங்க. ஆபீஸ் வேலையா மிலான் போனவன் ஒரு நாள் லீவு போட்டு ஃப்ளாரன்ஸ் போயிட்டு வந்தேன். நேரா அந்த வீடு. கிளி பாத்தேன், மயில் பாத்தேன், கிழிஞ்ச துணி மாதிரி தெரியற பழைய ஓவியத்துக்கும் பளிச்சுன்னு இருக்கறதுக்கும் வித்தியாசம் பாக்க முயற்சி பண்ணி பழையபேப்பர் அண்ணன நெனச்சுகிட்டேன், சத்தியமா தெரியல. கணக்குப்பிள்ளை சொன்ன ஜூலியானோ கிறுக்கல கண்டுபுடிக்க முடியல, ஆனா வேற கிறுக்கல் நெறைய பாத்தேன், அரை மணி நேரம் செவுத்துல மூக்க வெச்சுகிட்டு நின்னேன், காவலுக்கு இருந்த அம்மா சந்தேகமா பாத்தாங்க. கிணத்து கதவுகிட்ட தல உள்ள விட்டு எட்டி பாத்தேன், குளிர்ந்த காத்து வந்துச்சு.

ஊர்சுற்றி:
அருமை தம்பி. மூணாவது மாடி அடுப்படி எப்படி இருந்துச்சு?

அரைடிக்கெட்:
தல... மேல கூட்டிட்டு போற நேரம் முடிஞ்சு போச்சாம்.

சமையல்கட்டு:
முதல் பதிவுலயே எழுதியிருந்தாரேடா!